பேட்டரி போச்சு என்று சொல்லுங்கள்

பேட்டரி ரிப்பேர் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஆரம்பிக்கும் முதல் வரி ஒன்றுதான்: "நான் ஒண்ணுமே பண்ணல பாய், அதுவா நின்னுடுச்சு." டாக்டரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக்கூடாது என்று தெரிந்தவர்கள்கூட என்னிடம் தாராளமாகச் சொல்வார்கள். ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் எனக்குக் கடை. முன்பு இன்வெர்ட்டர், யூ.பி.எஸ். என்று ஓடிக்கொண்டிருந்தது. இப்போது வருவதெல்லாம் மின்சார ஸ்கூட்டர் பேட்டரிதான். என் பெயர் காதர். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, பாய் என்றால்தான் திரும்புவேன். கடையில் பாதி இடம் செல்வத்துடையது. டயர், பிரேக், வெல்டிங் அவன் வேலை. கரண்ட் என் வேலை. ஊர்வம்பு இருவருக்கும் பொது.

நீங்களும் அந்த வண்டி வைத்திருந்தால் உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்குப் பேட்டரியைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு ஏறியிருப்பீர்கள். அடையாறு பாலத்து நடுவில் வண்டி நின்றுபோய், தள்ளிக்கொண்டு வந்திருப்பீர்கள். பெட்ரோல் வண்டிக்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பான். ஆகவே நமக்குள் ஒளிவுமறைவு வேண்டாம். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எல்லா ஓட்டைக்கும் பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள் என் கடையில் கூட்டம் தாங்காது. வண்டியைக் குளிப்பாட்டுகிறேன் என்று ஹோஸ் பைப்பைப் பேட்டரிப் பெட்டிக்குள்ளேயே விட்டவர்கள் ஒரு பக்கம், சாம்பிராணிப் புகை போட்டு ஒயரை உருக்கியவர்கள் ஒரு பக்கம். சுந்தரம் சாரும் பங்கஜம் மாமியும் எனக்கு அறிமுகமானது அப்படி ஒரு நாளில்தான். சார் டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் பேட்டரி அறையைப் பார்த்துக்கொண்டவர். மயிலாப்பூரில் லஸ் பக்கம் வீடு. மாமிக்கு முட்டி வலி, நடக்க முடியாது. தினம் சாயங்காலம் மாமியைப் பின்னால் உட்காரவைத்து கபாலி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கென்றே சார் அந்த வண்டியை வாங்கியிருந்தார். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத, லைசென்ஸ் தேவையில்லாத சின்ன வண்டி.

சார்ஜ் ஏறவில்லை என்றார் சார். சார்ஜரைச் சோதித்துவிட்டேன், வோல்டேஜ் சரியாக வருகிறது, கோளாறு பேட்டரியில்தான் என்று பாதி வேலையை அவரே முடித்துவைத்திருந்தார். நான் டார்ச் அடித்து சார்ஜ் போடும் துளையைப் பார்த்தேன். உள்ளே சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம், குங்குமத்தின் மேல் ஒரு அட்சதை. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டி எடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. எக்ஸ்சேஞ்ச் மனிதருக்கு மானம் போயிற்று, மாமியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மாமி அசரவில்லை.

"கண்ணுக்குத் தெரிஞ்ச ஓட்டைக்கெல்லாம் வெச்சேன் பாய். எது வாய், எது மூக்குன்னு எனக்கென்ன தெரியும்?"

தண்ணீரே படவில்லை

கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்யும் முருகேசன் எங்கள் தெருக்காரர்தான். மழை நின்ற மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தண்ணீரில் போனீர்களா என்று கேட்டேன். மழை பெய்ததே எனக்குத் தெரியாது என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். தி.நகர் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர் என்று காலையில் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தவர் அவரேதான்.

பேட்டரிப் பெட்டியின் மூடியைக் கழற்றிச் சாய்த்தேன். அரை டம்ளர் செம்மண் தண்ணீர் ஊற்றியது. கூடவே ஒரு புளியங்கொட்டையும் வந்து விழுந்தது. செல்வம் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தான். முருகேசன் தண்ணீரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது தண்ணி இல்ல பாய், வேர்வ. மேடு ஏறசொல்லோ வண்டி எவ்ளோ கஷ்டப்பட்டுச்சு தெரியுமா?"

சுலபமாகப் பிழைக்குமா?

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் காலையில் சுந்தரம் சார் ஆட்டோவில் வந்து இறங்கினார். மாமி இல்லை, வண்டியும் இல்லை. துணிப்பையில் பேட்டரி மட்டும். மீட்டர் வைத்துப் பார்த்தேன், உயிரே இல்லை. சாவியை அணைக்க மறந்துவிட்டேன், முகப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது என்றார். அப்புறமாவது சார்ஜ் போட்டீர்களா என்று கேட்டேன். மூன்று வாரமாகப் போடவில்லை என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த லித்தியம் பேட்டரியைக் காலியாக்கி, காலியாகவே வாரக்கணக்கில் விட்டால் செத்துப்போகும். பேட்டரியோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு அது தெரியாமல் இருக்குமா? வயசு, மறதி என்று நினைத்து விட்டுவிட்டேன்.

சுவர்க் கடிகாரத்தில் போடுகிறோமே, அதைவிடக் கொஞ்சம் பருமனான நூற்று முப்பது செல்கள் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். பத்துப் பத்தாகப் பதிமூன்று வரிசை. ஒரு வரிசை படுத்துவிட்டால் மற்ற பன்னிரண்டும் நன்றாக இருந்தாலும் வண்டி நகராது. சார் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, "போச்சு இல்லியா?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ன சார் அப்படிச் சொல்லிட்டீங்க? நாலு நாள் கொடுங்க, எழுப்பி உக்கார வைக்கிறேன்" என்றேன். அவர் முகம் வாடியது. என் கைவேலையில் நம்பிக்கையில்லை போலிருக்கிறது என்று எனக்கு இன்னும் ரோஷம் ஏறியது.

"அவ்வளவு சுலபமாவா பொழைச்சுடும்?" என்றார்.

மாமி தனியாக வந்தார்

ரோஷத்தோடு செய்யும் வேலை நன்றாக வரும். பன்னிரண்டு வரிசையை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் கொடுத்து எழுப்பினேன். அவசரப்பட்டால் சூடாகிக் கெட்டுவிடும், பக்கத்திலேயே உட்கார்ந்து தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏழாவது வரிசை மட்டும் எழவில்லை. அதை வெட்டி எடுத்துவிட்டு, மற்றவற்றின் வயசுக்கும் சக்திக்கும் ஒத்துப்போகிற பத்து செல்களைத் தேடி எடுத்துப் பொருத்தினேன். புத்தம்புதியதைப் போட்டால் பழையதோடு ஒத்துப்போகாது. மூன்றாம் நாள் காலையில் பேட்டரி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போது சந்து முனையில் ஆட்டோ நின்றது. பங்கஜம் மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று நடந்து வந்தார். நான் ஓடிப்போய் ஸ்டூல் போட்டேன். உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு, "பேட்டரி போச்சு, ரிப்பேர் பண்ண முடியாதுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்கோ பாய்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமி மெதுவாகச் சொன்னார். சாருக்கு இடது பக்கம் பார்வை சரியில்லை. வடக்கு மாடவீதியில் ஒரு பூக்காரம்மாவின் கூடை மேல் வண்டியை ஏற்றியிருக்கிறார். அந்த அம்மா காலை இழுத்துக்கொண்டதால் தப்பித்தார். கூடையை நடு ரோட்டில் வைத்தால் என்ன செய்வது என்று சார் சத்தம் போட்டாராம். கூடை நடு ரோட்டில் இல்லை, ஓரமாகத்தான் இருந்தது என்றார் மாமி.

கண்ணைப் பற்றிச் சார் வீட்டில் வாயே திறக்கவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. வண்டி நின்றால் மாமிக்குக் கோயில் கிடையாது. அடுத்த தெருவுக்கு எந்த ஆட்டோவும் வராது, வந்தாலும் தினமும் முட்டியை மடக்கி ஏற முடியாது. அது பரவாயில்லையா மாமி என்று கேட்டேன். ஆத்திலிருந்தே கோபுரம் தெரிகிறது, அது போதும் என்றார். டாக்டர் என்ற பேச்சை நீங்களே எடுக்கலாமே என்றேன். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டார்.

"பேட்டரி போச்சுன்னா அவர் தாங்கிப்பார் பாய். கண்ணு போச்சுன்னு நான் எப்படி அவர்கிட்ட சொல்லுவேன்?"

பச்சை விளக்கு

பொய் சொல்வதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். தினம் நூறு பொய் கேட்கிறேனே தவிர எனக்குச் சொல்ல வராது. மறுநாள் சார் வந்ததும், "இது தேறாது சார்" என்றேன் தரையைப் பார்த்துக்கொண்டு. "எந்த வரிசை?" என்றார். ஏழு என்றேன். "மத்ததெல்லாம்?" என்றார். மற்றதும் சுமார்தான் என்றேன். நிமிர்ந்து பார்த்தால், அவர் தன் வலது பக்கம் இருந்த என் மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே அவருடைய பேட்டரி சார்ஜரில் மாட்டியபடி இருந்தது. சார்ஜ் நிரம்பினால் எரியும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை மூடி வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஆனால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நீங்க பொய் சொன்னதும் எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்தது தெரியுமா பாய்? இந்தப் பச்சை விளக்கு கெடுத்துடுத்து" என்றார். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. சாவியை அவர் மறக்கவில்லை. வேண்டுமென்றே விளக்கை எரியவிட்டு, வேண்டுமென்றே சார்ஜ் போடாமல் விட்டிருக்கிறார். செத்த பேட்டரி என்று நான் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றுதான் என்னிடம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். நான் ரோஷப்பட்டு உயிர் கொடுத்து வைத்திருக்கிறேன்.

பின்னால் மாமி உட்கார்ந்திருக்கும்போது இடது பக்கம் தெரியாமல் ஓட்டப் பயமாக இருக்கிறது என்றார். கண்ணாஸ்பத்திரிக்குப் போனால் மாமிக்குத் தெரிந்துவிடும், அதனால் போகவில்லை என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரே விஷயம், நடுவில் கண் கெட்டுக்கொண்டிருக்கிறது. மாமியிடம் சொன்னால் என்ன ஆகிவிடும் என்று குரலை உயர்த்தியே கேட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

"சொன்னா, அந்த முட்டியை வெச்சுண்டு அடிப்பிரதட்சணம் பண்றேன்னு கபாலிக்கு வேண்டிண்டுடுவா பாய். அவளை எனக்குத் தெரியும்."

இரண்டு ஸ்டூல்

அன்று எங்கள் கடையில் புதிதாக ஒரு சட்டம் போட்டேன். சரிசெய்த பேட்டரியை வாங்க வீட்டில் இருந்து இரண்டு பேர் வரவேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும். இது எப்போதிலிருந்து என்று செல்வம் கேட்டான். இன்றையிலிருந்து என்றேன். சார் நம்பினாரா தெரியாது, மறுநாள் மாமியோடு வந்துவிட்டார். இரண்டு ஸ்டூல் போட்டு உட்காரவைத்து டீ சொன்னேன். மாமி வெளியில் டீ குடிப்பதில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொன்னேன்.

"பேட்டரி நல்லா இருக்கு" என்று ஆரம்பித்தேன். இருவரும் ஒரே நேரத்தில் என்னை முறைத்தார்கள், தன்னைத்தான் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று. "நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா வந்து ஒரே பொய் என் வாயில இருந்து வரணும்னு நின்னீங்க. எனக்கு ஒருத்தர்கிட்டயே பொய் சொல்ல வரல. மிச்சத்த நீங்களே பேசிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, துடைத்த ஸ்பானரையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மாமிதான் முதலில் பேசினார். "ஏன்னா, எனக்குத் தெரியும்." எப்போதிலிருந்து என்று சார் கேட்டார். "பூக்கூடைக்கு முன்னாடியே தெரியும். தட்டுல இடது பக்கம் வெச்ச கறியத் தொடாமலே எழுந்துண்டேள். பிடிக்கலையோன்னு நெனச்சேன். ஆனா அது உருளைக்கிழங்கு" என்றார். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மாமி டீயை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தையும் குடித்து முடித்தார்.

கண் டாக்டர் சீட்டைக் காட்டினால்தான் பேட்டரி தருவேன் என்று அடுத்த சட்டத்தையும் அங்கேயே போட்டேன். சார் சரி என்றார். எழுந்துகொள்ளும்போது மாமியின் பக்கம் திரும்பி, தயவுபண்ணி அடிப்பிரதட்சணம் அது இது என்று எதுவும் வேண்டிக்கொள்ளாதே என்று கெஞ்சினார். மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அதெல்லாம் அப்பவே வேண்டிண்டாச்சு."

செல்வத்தின் யோசனை

இரண்டு வாரம் கழித்துச் சீட்டோடு வந்தார்கள். கண் நரம்பு கெட்டிருக்கிறது, போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தால் அதுவும் இல்லை என்றார்களாம். வண்டி மட்டும் ஓட்டவே கூடாது. சார் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் பேட்டரியை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. மாமி முட்டியைத் தடவிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். கோயில் அவ்வளவுதான் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது.

டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த செல்வம் பம்ப்பை வைத்துவிட்டு வந்தான். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் சின்னதாக ஒவ்வொரு சக்கரம் வெல்டிங் வைத்துத் தருகிறேன், வண்டி சாயவே சாயாது, காலை ஊன்றவும் வேண்டாம் என்றான். யார் ஓட்டுவது என்று சார் கேட்டார். செல்வம் மாமியைக் காட்டினான். மாமி திடுக்கிட்டு, அறுபத்தெட்டு வயசில் சைக்கிள்கூடத் தொட்டதில்லையே என்றார்.

"இன்னா மாமி, அந்தக் கோயில்ல இருக்கிறவரு மாடு ஓட்டறாரு. நீ வண்டி ஓட்ட மாட்டியா?"

பதினோரு சுற்று

பங்குனி மாசம் ஒரு காலை, இன்னும் வெயில் ஏறவில்லை. ஒரு இன்வெர்ட்டரைக் கொடுத்துவிட்டுத் தெற்கு மாடவீதி வழியாக வந்துகொண்டிருந்தேன். முன்னால் நாலைந்து ஆட்டோக்கள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன, ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. என்ன தேர் வருகிறது என்று எட்டிப் பார்த்தேன். நான்கு சக்கரம் வைத்த சின்ன ஸ்கூட்டர். ஓட்டுவது பங்கஜம் மாமி. முதுகு விறைப்பாக, கண் நேராக, நடக்கிறவரைவிடக் கொஞ்சம் மெதுவாக. பின்னால் சுந்தரம் சார் மடியில் அர்ச்சனைக் கூடையை வைத்துக்கொண்டு, "லெஃப்ட்ல யாராவது இருக்காளா பாத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டேன். மாமி நிறுத்துவதற்கு அடுத்த மூலை வரை ஆயிற்று. அடிப்பிரதட்சணம் பற்றி குருக்களிடம் கேட்டாராம். முடியாதவர்கள் முடிந்ததைச் செய்யலாம் என்று அவர் சொன்னாராம். அதனால் முட்டிக்குப் பதிலாக வண்டியிலேயே நாலு மாடவீதியையும் அடி அடியாகப் பதினோரு சுற்று. அப்போது ஒன்பதாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்கு முன்னால் ஒரு பொட்டு, நான்கு சக்கரத்துக்கும் நாலு பொட்டு. சார்ஜ் போடும் துளைக்குள் குங்குமம் போகாமலிருக்கச் செல்வம் ஒட்டிய கறுப்பு டேப் அப்படியே இருந்தது. அதன் மேலும் ஒரு பொட்டு.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. தொழில்காரன் புத்தி, பேட்டரி எப்படி உழைக்கிறது என்றுதான் வாயில் வந்தது. ஒன்பதாவது சுற்றிலும் பாதி சார்ஜ் இருக்கிறது என்று சார் பெருமையாக விளக்கைக் காட்டினார். பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோக்காரர் கோபத்தை மறந்து, புது பேட்டரியா சார் என்று கேட்டார். சார் முன்னால் சாய்ந்து மாமியின் தோளில் கை வைத்துக்கொண்டார்.

"இல்லப்பா, பேட்டரி பழசுதான். ஓட்டறவாளைத்தான் மாத்தியிருக்கோம்."

பேட்டரியின் கோளாறைப் பெட்டியைத் திறந்து மீட்டர் வைத்தால் கண்டுபிடித்துவிடலாம், வைத்திருப்பவர்களின் கோளாறுக்குத்தான் இல்லாத சட்டமெல்லாம் போட்டு, இரண்டு ஸ்டூலும் இரண்டு டீயும் கொடுத்து உட்காரவைக்க வேண்டியிருக்கிறது.